நீ போகாத நாக்பூர்

என் தங்க மகனுக்கு,

இதை உன் கேலண்டர் ஆல்பத்தில், தாமரையில் நிற்கிற லட்சுமிக்கும் மயிலோடு நிற்கிற முருகனுக்கும் நடுவே சொருகி வைத்திருக்கிறேன். விருதுநகரில் ரயில் ஏறி, பெட்டியை சீட்டுக்கு அடியில் தள்ளி, ஜன்னல் ஓரம் உட்கார்ந்த பிறகு படி. அதற்கு முன்னால் கண்ணில் பட்டால் அப்படியே மூடி வைத்துவிடு. வீட்டிலேயே படித்தாயானால் அடுப்படிக்கு வந்து, இதையெல்லாம் எதற்கு எழுதுகிறாய் என்று சண்டைக்கு நிற்பாய். நான் அழுவேன். உங்கப்பா நடுவில் புகுந்து, ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று அரை நாள் முன்னாலேயே உன்னைக் கிளப்பிவிடுவார். சத்துணவுக் கூடத்தில் பருப்புக் கணக்கும் முட்டைக் கணக்கும் எழுதியே தேய்ந்த கை இது. ஊர்ப் பிள்ளைகளுக்கு அளந்து போட்டுப் பழகியவள், பெற்ற பிள்ளைக்கு மட்டும் அளவு தெரியாமல் கூடுதலாகப் போட்டுவிடுவேன். கடிதமும் அப்படித்தான் ஆகும். பொறுத்துக்கொள்.

வடக்கே கேலண்டர் ஆர்டர் எடுக்கப் போகிறவருக்கு மஞ்சள் காமாலை வந்து படுத்துவிட்டார், கடைசி நேர ஆர்டரைப் பிடிக்க என்னைத்தான் கம்பெனி அனுப்புகிறது, விஜயவாடா, ராய்ப்பூர், அப்புறம் நாக்பூர் என்று நீ வந்து சொன்னாய். நாக்பூர் என்றதும் நான் சிரித்தேன். உங்கப்பா டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். நீ முறைத்துவிட்டுப் போனாய். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் உனக்குத் தெரியாத சங்கதிகள் கொஞ்சம் இருக்கின்றன. சிரிப்புக்கும் பின்னால் பயம் இருக்கிறது. லாட்ஜ் ரூம், தனி ஆள், சாயங்காலம், ஆர்டர் கொடுத்த சந்தோஷத்தில் தோளில் கை போடுகிற கடைக்காரர். நீ குடிக்கப் பழகியது இந்தத் தொழிலின் இதே சாயங்காலங்களில்தான். வைத்தியம் பார்த்துத் திரும்பி, மறுபடி வேலையில் சேர்ந்த பிறகு கம்பெனியில் உன்னை மதுரைப் பக்கமே வைத்திருந்தார்கள், பொழுது அடைந்தால் வீட்டுக்கு வந்துவிடுவாய். இப்போதுதான் முதல்முறையாக எங்கள் கண்ணுக்கு எட்டாத தூரம் போகிறாய். போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தைரியமாகப் போய் வா என்று சொல்லவும் முழுசாக வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

போன வருஷம் தீபாவளி முடிந்து, பட்டாசுக் கம்பெனிகள் லீவு விட்டு, நம் தாயில்பட்டியே போனஸில் மிதந்துகொண்டிருந்த நேரத்தில் நீயாகத்தான் வந்து என்னை எங்கேயாவது கொண்டுபோய் விடுங்கள் என்று கேட்டாய். அதற்கு முன்னால் உன் அக்கா செல்வியின் மூத்த மகளுக்குக் காது குத்திய அன்று நடந்ததுதான் உன்னை அரித்துக்கொண்டிருந்தது என்று எனக்குத் தெரியும். பிள்ளையை மடியில் வைக்க வேண்டிய தாய்மாமன் நீ. ஆசாரி ஊசியோடு உட்கார்ந்திருக்கிறார், பிள்ளை மொட்டைத் தலையில் சந்தனத்தோடு உட்கார்ந்திருக்கிறது, மாமனைக் காணோம். தேடிப் போனால் பாத்திரம் ஏற்றி வந்த டெம்போவில், அண்டாக்களுக்கு நடுவே, நீயும் ஒரு அண்டாவாகக் கிடக்கிறாய். கடைசியில் உன் சித்தப்பா மகன் பாண்டி மடியில் வைத்துத்தான் குத்தினோம். செல்வி அன்றைக்கு உன்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் உனக்கு ஆறியிருக்கும். பேசுவதையே நிறுத்திவிட்டாள்.

மதுரைக்குப் பக்கத்தில் குடியை விட வைக்கும் அந்த இல்லத்தில் உன்னைச் சேர்த்துவிட்டு பஸ்ஸில் வரும்போதே நானும் உங்கப்பாவும் யோசித்தோம், தெருவில் கேட்டால் என்ன சொல்வது என்று. உங்கப்பாவுக்குப் பொய் வராது. பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்து எல்லாரையும் மிரட்டிப் பழகிய மனுஷன், பொய் சொல்ல ஆரம்பித்தால் வேர்த்துவிடும். அதனால் அந்த இலாகாவை நான் எடுத்துக்கொண்டேன். வடக்கே பெரிய ஆர்டர், மகன் நாக்பூருக்குப் போயிருக்கிறான் என்று சொன்னேன். எங்கிருந்து அந்த ஊர் என் வாயில் வந்தது என்று இன்று வரை தெரியாது. சூரத் என்று சொல்லியிருந்தால் சேலை கேட்பார்கள் என்று உள்ளுக்குள் ஒரு கணக்கு ஓடியிருக்கும். நாக்பூரில் என்ன இருக்கிறது, யார் என்ன கேட்டுவிடப் போகிறார்கள் என்று நினைத்தேன். பக்கத்து வீட்டு வேலம்மாள் மறுநாளே வந்துவிட்டாள். "மதினி, நாக்பூர்ல ஆரஞ்சு ரொம்ப விசேஷமாம்ல. தம்பி வரயில எனக்கும் கொஞ்சம் கொண்டாரச் சொல்லுங்க." சொல்கிறேன் என்று தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்வது.

ஒரு பொய்யைக் காப்பாற்ற அடுத்த பொய்யைப் பெற்று வளர்க்க வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் உன்னைப் பார்க்க மதுரைக்கு வந்தோமே, அதற்கு ஒரு காரணம் வேண்டாமா. எனக்கு மூட்டு வலி, மதுரையில் வைத்தியம் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு சும்மா நடக்க முடியுமா. வீட்டு வாசலிலிருந்து பஸ் ஸ்டாப் வரை நொண்டிக்கொண்டே போவேன். பஸ் கிளம்பி ஊர் எல்லையைத் தாண்டிய பிறகு காலை நீட்டி உட்காருவேன். ஒரு ஞாயிறு போகும்போது வலது காலையும் வரும்போது இடது காலையும் நொண்டியிருக்கிறேன். உங்கப்பா பின்னாலேயே வந்து, காலை மாற்று காலை மாற்று என்று பல்லைக் கடித்தார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எனக்காக முட்டைக் கூடையைத் தூக்கி வந்தார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், நொண்டி நொண்டி கடைசியில் நிஜமாகவே முட்டி வலிக்க ஆரம்பித்துவிட்டது. இன்றைக்கும் மாடிப்படி ஏறினால் வலிக்கிறது. அது உன் கணக்கில்தான் சேரும்.

நீ வீடு திரும்பிய அன்று விருதுநகரில் இறங்கி எண்ணெய் பரோட்டா சாப்பிட்டோம், ஞாபகம் இருக்கிறதா. நீயும் அப்பாவும் இன்னொரு ரவுண்டு சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தபோது, இதோ வருகிறேன் என்று நான் எழுந்து போனேன். மார்க்கெட்டுக்குப் போய் ஆரஞ்சு வாங்கினேன். சிவகாசியில் வாங்கினால் தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்கள் அல்லவா. தள்ளுவண்டிக்காரர் பழத்தைச் சுற்றிக் கொடுத்த பேப்பர் தமிழ்ப் பேப்பர். நாக்பூரில் ஏது தமிழ்ப் பேப்பர். என் மூளை அப்போதுதான் பளிச்சென்று வேலை செய்தது. வீட்டுக்கு வந்து உன் அலமாரியைக் குடைந்து, பிரஸ்ஸிலிருந்து நீ கொண்டுவந்து போட்டிருந்த இந்திக் கேலண்டர் வேஸ்ட் ஷீட்டை எடுத்து, ஒவ்வொரு பழத்தையும் அதில் சுற்றி வேலம்மாளிடம் கொடுத்தேன். அவள் ஒரு பழத்தை என் முன்னாலேயே உரித்தாள். புளிப்பில் அவளுடைய ஒரு கண் மூடிக்கொண்டது. "நாக்பூர்ப் பழம்னா நாக்பூர்ப் பழந்தான் மதினி" என்று சொல்லிவிட்டு முழுசையும் தின்றாள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வீட்டுக்குள் உங்கப்பாவின் ஆட்சி தொடங்கியிருந்தது. இல்லத்து சார் அவரைக் கூப்பிட்டு, பழைய இடம், பழைய சேக்காளி, சும்மா இருக்கிற நேரம், இந்த மூன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள், வீட்டில் எல்லாரும் ஒத்துழைக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார். இவர் காதில் அது வேறு மாதிரி விழுந்திருக்கிறது. அவருக்குத் தெரிந்த பாதுகாப்பு ஒன்றுதான், பட்டாசுக் கம்பெனிப் பாதுகாப்பு. அங்கே ஒவ்வொரு ரூமையும் தள்ளித் தள்ளிக் கட்டியிருப்பார்கள், ஒரு ரூமில் நாலு பேருக்கு மேல் கூடாது, கேட்டில் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். அந்தச் சட்டமெல்லாம் நம் வீட்டுக்கு வந்தது. உன்னைப் பார்க்க உன் அத்தைமார் வந்தபோது, அளவுக்கு மேல் ஆள் இருக்கிறது என்று பெரியத்தையை வெளியே சேர் போட்டு உட்கார வைத்தாரே, பெரியத்தை அதை இன்னும் மறக்கவில்லை. ஷேவிங் லோஷன், இருமல் மருந்து, ஊறுகாய்க்கு வைத்திருந்த வினிகர், எல்லாம் வாய்க்காலுக்குப் போயின. பிரசவத்துக்கு வந்திருந்த செல்வி குடித்துக்கொண்டிருந்த அரிஷ்டத்தை மோந்து பார்த்துவிட்டு அதையும் ஊற்றினார். பச்சை உடம்புக்காரி போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது.

வாசலில் நின்றுகொண்டு உள்ளே வருகிறவர்களை ஊதச் சொல்வாரே, அதுதான் எல்லாவற்றுக்கும் மேல். நீ கறிவேப்பிலை வாங்கிவிட்டு வந்தாலும் ஊத வேண்டும். உனக்கு மட்டும் என்றால் மனசு கஷ்டப்படும் என்று எல்லாரையும் ஊத வைத்தார். நான் ஊதினேன். பால்காரர் ஊதினார். ஒரு நாள் நம் மாப்பிள்ளையையும் ஊதச் சொன்னார். மாப்பிள்ளை தயங்கித் தயங்கி ஊதினார். அதற்குப் பிறகு ஒரு மாதம் அவர் நம் வீட்டுப் பக்கம் வரவில்லை. ஏன் வரவில்லை என்று உங்கப்பா என்னிடம் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஆனால் நீ அந்த வீட்டுக்குள் வாடிக்கொண்டிருந்தாய். காலையில் தலையைக் குனிந்தால் சாயங்காலம் வரை குனிந்தபடியே இருப்பாய். பொழுது இறங்குகிற அந்த ஒரு மணி நேரம் உன் கால் மட்டும் ஆடிக்கொண்டே இருக்கும். நான் அதைப் பார்த்துக்கொண்டே மாவாட்டுவேன். எனக்கு அப்போது இல்லத்தில் பார்த்த ஒரு மனுஷர் நினைவுதான் வரும். கொத்தனார், காரியாபட்டிப் பக்கம். அங்கே அவர் வந்தது மூன்றாவது தடவை. வரிசையில் சாப்பாட்டுத் தட்டோடு நின்றவரிடம், வெட்கமில்லாமல் கேட்டேன், ஏன் திரும்பவும் குடித்தீர்கள் என்று. அவர் கோபப்படவில்லை. "கஷ்டம் வந்தப்ப நான் குடிக்கல அக்கா. கஷ்டத்துல உசாரா இருந்தேன். மகளுக்கு வேலை கெடச்சதுன்னு போன் வந்துச்சு பாருங்க, அன்னைக்குத்தான் போனேன்" என்றார். அன்றைக்கு அது எனக்கு விளங்கவில்லை. விளங்கிய நாள் பின்னால் வந்தது.

செல்வி ஆண் பிள்ளை பெற்று, அதற்கும் காது குத்த நாள் பார்த்தபோது, அவள் உன்னிடம் சொல்லாமல் என்னிடம் சொன்னாள். "இந்தப் பிள்ளைக்கு அவன் மடியிலதான் குத்தணும். அவன் சரியா இல்லேன்னா பிள்ளைக்குக் காதே குத்த வேண்டாம், மூளியாவே இருக்கட்டும்." நீ அடுத்த ரூமில் இருந்தாய். கேட்டுவிட்டாய் என்பது உன் கால் ஆட்டம் நின்றதிலேயே தெரிந்தது. அந்த வாரம்தான் உங்கப்பா ஒரு நல்ல காரியம் செய்தார், தெரியாமல் செய்தார். குலசாமிக்கு நேர்ந்த கிடாயை முன்கூட்டியே வாங்கி வந்து, வளர்க்க ஆள் இல்லாமல் உன் கையில் கயிற்றைக் கொடுத்தார். சாயங்காலம் வந்தால் அதுவாகக் கத்தும். நீ கண்மாய்ப் பக்கம் ஓட்டிக்கொண்டு போக வேண்டும். அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்தாய், உங்கள் கம்பெனி மேனேஜரின் தாடிதான் அதற்கும் என்று. மேனேஜருக்குப் பசிக்குது, மேனேஜர் கோவமா இருக்காரு என்று நீ பேச ஆரம்பித்த நாளில்தான் எனக்கு என் மகனின் குரல் திரும்பக் கிடைத்தது. கவர்மெண்டு பிராந்திக் கடை வழியாகப் போகிற ரோடுதான் கண்மாய்க்குக் குறுக்கு வழி. நீ சுற்று வழியில் போவாய். மேனேஜருக்கு அந்த வாடை பிடிக்கவில்லை என்று என்னிடம் காரணம் சொன்னாய். சரி என்றேன். உனக்குப் பசிக்கிற நேரத்துக்குச் சாப்பாடும் தூங்குகிற நேரத்துக்குத் தூக்கமும் தானாக வந்தன. உடம்பு தேறி, பழைய சட்டைப் பொத்தான் எல்லாம் போடமுடியாமல் போனது.

வைகாசியில் குலசாமி கோயிலில், மொட்டை போட்டு முடிந்து, பிள்ளையை உன் மடியில் வைத்தார்கள். நான் சாமியைக் கும்பிடவே இல்லை, உன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு காலத்தில் டம்ளர் தண்ணீரைச் சிந்தாமல் வாய்க்குக் கொண்டுபோக முடியாத கை. பிள்ளையின் தலையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தாய். ஆசாரி ஒரு காதை முடித்துவிட்டு, தாய்மாமன் பிடி நல்ல பிடி என்றார். பிள்ளை வீறிட்டது, நீயும் கூடச் சேர்ந்து அழுதாய், செல்வி முந்தானையால் பிள்ளை முகத்தைத் துடைத்துவிட்டு, அதே முந்தானையால் உன் முகத்தையும் துடைத்தாள். இத்தனை நாளுக்குப் பிறகு அவள் உன்னைத் தொட்டது அப்போதுதான். எல்லாம் முடிந்தது, ஜெயித்துவிட்டோம் என்று நான் கோயில் மரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்தேன். கொத்தனார் சொன்னது இந்த இடத்தைத்தான் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அடுத்து மேனேஜரை வெட்டினார்கள். சாமிக்கு நேர்ந்தது, யாரும் ஒன்றும் செய்வதற்கில்லை. நீ டெம்போவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாய். உங்கப்பா குழம்பை ருசி பார்த்துவிட்டு, மேனேஜருக்கு இன்னும் கொஞ்சம் உப்பு வேண்டும் என்று சொல்லி என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். நம் பக்கத்தில் காது குத்தினால் ஆம்பளைகளைத் தாய்மாமன்தான் கவனிக்க வேண்டும், அது உனக்குத் தெரியும். நாக்பூர் வரை போய்ப் பெரிய ஆர்டர் பிடித்து வந்த தாய்மாமன் என்றால் கவனிப்பும் பெரிதாக இருக்க வேண்டாமா. என் பொய் அங்கே வந்து நின்றது. பாண்டி உன் பெயரைச் சொல்லி ஒரு பெட்டி பாட்டிலையே இறக்கி வைத்திருந்தான். குற்றம் சொல்ல முடியாது, அவனுக்கு ஒன்றுமே தெரியாது, நான் சொல்ல விடவில்லை. நீ அழுகிறதைப் பார்த்துவிட்டு, பாசத்தில்தான் ஒரு கிளாசை நிரப்பிக்கொண்டு உன்னிடம் வந்தான். நான் மைக் செட் பக்கத்தில் பந்திக்கு இலை எண்ணிக்கொண்டிருந்தேன். உன் கை மேலே வந்தது எனக்குத் தெரிந்தது. வாங்குவதற்கா, தள்ளுவதற்கா என்று இன்று வரை உன்னிடம் கேட்கவில்லை. இனியும் கேட்கமாட்டேன்.

முட்டி வலியோடு அங்கே ஓடி வர எனக்கு நேரம் இல்லை. மைக்தான் கைக்கு எட்டியது. பாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டுப் பேசினேன். "எல்லாரும் கேளுங்க. நான் செல்வியோட அம்மா பேசுறேன். எம்மகன் நாக்பூருக்குப் போகல. குடிய விடுறதுக்கு மதுரைக்கு வைத்தியத்துக்குப் போயிருந்தான். விட்டுட்டு வந்திருக்கான். நாக்பூருன்னு சொன்னது நான் சொன்ன பொய். எனக்கு மூட்டு வலின்னு சொன்னதும் பொய், இப்பத்தான் நெசமா வலிக்கு. இனிமே எவனாச்சும் அவன் கையில கிளாசைக் குடுத்தீகன்னா, கிடாய் வெட்டுன அருவா இன்னும் கழுவாமத்தான் கெடக்கு. பந்தி ரெடியா இருக்கு, எல்லாரும் வந்து சாப்பிடுங்க." கடைசி வரி பழக்க தோஷத்தில் வந்துவிட்டது. பாண்டி கிளாசை அவன் வெள்ளை வேட்டியிலேயே கொட்டிக்கொண்டு நின்றான்.

உன்னைக் கேட்காமல் உன் சங்கதியை ஊருக்குச் சொன்னேன். அது தப்புதான். நீ என்னை நோக்கி நடந்து வந்தபோது, வாழ்க்கையில் முதல்முறையாக உனக்குப் பயந்தேன். நீ வந்து சொன்னாய், "முதல்லயே நீ சொல்லியிருந்தீன்னா, நாக்பூர் எப்பிடி இருந்துச்சுன்னு கேக்குறவகளுக்கெல்லாம் நான் முழிச்சிக்கிட்டு இருந்திருக்க மாட்டேன்ல." அம்புட்டுத்தான். பிறகு போய்ப் பந்தியில் மோர் ஊற்றினாய். நீ கறியைத் தொடவில்லை. நானும் தொடவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. அன்றைக்கு நான் சாப்பிட உட்கார்ந்ததும் ஒருத்தி பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்து, மெதுவாக, அந்த இல்லம் மதுரையில் எந்தப் பக்கம் என்று கேட்டாள். கை கழுவுகிற இடத்தில் இன்னொருத்தி. பஸ்ஸில் இன்னொருத்தி, அவள் கொழுந்தனுக்குத் தெரிந்த யாருக்கோ வேண்டுமாம். எல்லாருக்கும் வழி சொன்னேன், எந்த பஸ், எங்கே இறங்க வேண்டும் என்று. அடுத்த மாதம் பஸ்ஸில் கேட்டவளின் சொந்த மகனே வேலை விஷயமாக நாக்பூருக்குப் போயிருப்பதாகக் கேள்விப்பட்டேன். ஆவணியில் இன்னும் ரெண்டு பேர் போனார்கள். நம் ஊர்க்காரர்கள் இப்போது நாக்பூரில் அதிகமாகிவிட்டார்கள்.

வேலம்மாள் மறுநாள் வந்தாள். ஆரஞ்சைப் பற்றி எப்படி மன்னிப்புக் கேட்பது என்று நான் தயங்கினேன். அவளே சிரித்துக்கொண்டு ஆரம்பித்தாள். "அந்தப் பழத்தைச் சுத்தியிருந்த ஷீட்டு இருக்குல்ல மதினி, அதைக் கட்டிங் மிசின்ல வெட்டுனதே எங்க வீட்டுக்காரகதான். பாத்த உடனே சொல்லிட்டாக, இது நாக்பூர்ல இருந்து வரல, எங்க பிரஸ்ல இருந்து வந்திருக்குன்னு. நீங்க காலை மாத்தி மாத்தி நொண்டினதையும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தோம்." அப்படியென்றால் ஏன் கேட்கவில்லை என்றேன். கேட்டால் நீங்கள் அழுதிருப்பீர்கள், பழத்தைத் தின்றுவிட்டால் வேலை முடிந்தது என்றாள். அந்தப் புளிப்புப் பழத்தை அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு முழுசாகத் தின்றதை நினைத்து, அவள் போன பிறகு உட்கார்ந்து அழுதேன். போகும்போது வாசலில் நின்று ஒன்று சொல்லிவிட்டுப் போனாள். தம்பி நெசமாகவே நாக்பூர் போகிற அன்றைக்கு வாங்கிவரச் சொல்லுங்கள் என்று. நீ ஊர்ப் பெயரைச் சொன்னதும் நான் ஏன் சிரித்தேன் என்று இப்போது புரிகிறதா.

இப்போது போகிற ஊருக்கு வருவோம். அங்கே என் மைக் எட்டாது. அதனால் நீதான் சொல்ல வேண்டும். ஆல்பத்தைத் திறப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடு, நான் குடித்துக் கெட்டு, பிறகு குடியை விட்டவன், எனக்கு டீ மட்டும் போதும் என்று. உனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் சொல், அது இன்னும் பரிதாபமாக இருக்கும், ஆர்டர் கூடக் கிடைத்தாலும் கிடைக்கும். ஆர்டர் கிடைக்காத நாளைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, அன்றைக்கு நீயே உஷாராக இருப்பாய். பெரிய ஆர்டர் கிடைக்கிற நாளில்தான் கொத்தனாரை நினைத்துக்கொள். அன்றைக்கு ரூமில் உட்காராதே. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, அந்த ஊரில் எங்கேயாவது ஆடு மேய்ந்தால் போய்ப் பார். தப்பித்தவறி ஒரு நாள் கால் இடறிவிட்டது என்றால், அதை மறைக்க இன்னொரு நாக்பூரைக் கண்டுபிடிக்காதே. உடனே எனக்குப் போன் பண்ணு. பொய் சொல்லி எனக்குக் கால் போனது போதும். திட்டமாட்டேன் என்று சத்தியம் பண்ண முடியாது, திட்டிவிட்டு அடுத்த ரயிலில் ஏறி வந்து உன் பக்கத்தில் உட்காருவேன்.

உங்கப்பா ஒரு ஆட்டுக்குட்டி வாங்கி வந்திருக்கிறார். எந்தச் சாமிக்கும் நேரவில்லை, நேரவும் கூடாது என்று என்னிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தீபாவளி லீவு முடிந்து பட்டாசுக் கம்பெனி திறக்கிற வரைக்கும் சாயங்காலம் அவரே கண்மாய்க்கு ஓட்டிக்கொண்டு போவாராம், சுற்று வழியில்தானாம். அந்த நேரத்துக்கு உன் செல்லில் இருந்து தினமும் கூப்பிடு. குட்டி கத்துவது கேட்கும். உங்கப்பா போனை வாங்கி, எங்கலே, ஊது என்பார். சிரிக்காமல் ஊது. போனில் வாடை வராது என்று அவருக்கும் தெரியும். நீ மூச்சு விடுகிற சத்தம் அவருக்குக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

வேலம்மாளுக்கு நாலு கிலோ போதும். நல்ல பழமாகப் பார்த்து வாங்கி, அந்த ஊர்ப் பேப்பரிலேயே சுற்றிக் கொண்டுவா. ஆரஞ்சு ரொம்ப நாள் தாங்காது, அதனால் ரயில் ஏறினால் வழியில் எங்கேயும் இறங்காமல் நேரே வீட்டுக்கு வந்து சேர்.

அம்மா